தனிமை பார்க்கப் போன வேன்

“…கூப்பிட்டுண்டு இருக்கட்டும்டீ. கொஞ்ச நேரம் கூப்பிட்டா அவா தொண்டை ஒண்ணும் கட்டிப் போயிடாது” என்றாள் மாமி, கிணற்றடித் துவைக்கல்லில் உட்கார்ந்தபடி. வீட்டுக்குள்ளிருந்து அவள் கணவர் ஒரு குரல், நாத்தனார் ஒரு குரல், சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அடுத்தாத்து அம்மாள் ஒரு குரல் என்று மாறி மாறி வந்துகொண்டிருந்தது. கூப்பிட்டால் எழுந்து ஓடுவதையே பாதி ஆயுளாகச் செய்தவள், அன்றைக்கு அசையவில்லை.

அது எங்கள் பரீட்சை முடிவு வந்த மத்தியானம். முடிவு என்னவென்று பிறகு சொல்கிறேன். அதற்கு முன்னால் எங்கள் இரண்டு பேரையும் அந்தப் பாடு படுத்திய பேப்பரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கரமனை ஜங்ஷனில் ஒரு எஸ்.டி.டி. பூத்தில் எனக்கு வேலை. அப்பா நாகர்கோவில் பக்கத்திலிருந்து மலையாளம் பேசுகிற இந்த ஊருக்கு, தம்பானூரில் ஓட்டல் வேலைக்கு வந்து, அப்படியே இங்கே தங்கிப்போனவர். நான் பள்ளிக்கூடம் போனதைவிடப் போகாமல் படித்ததுதான் அதிகம். பழைய புத்தகக் கடை, பொட்டலம் கட்டி வந்த காகிதம், பூத்துக்குள் நின்று சத்தமாகப் பேசுகிறவர்களின் வாய் என்று எனக்கு வாத்தியார்கள் பல பேர். ஒருவர் மகனிடம், “உன் அம்மைக்கு ஒண்ணுமில்ல, உன்னைப் பத்தி வருத்தப்பட ஆரம்பிச்சாச்சு, அப்ப உடம்பு தேறிட்டுன்னு அர்த்தம்” என்று சொல்லிக்கொண்டிருப்பார். அதைக் கேட்டபின் பாக்கிச் சில்லறை எண்ணக் கை வராது எனக்கு. இப்படிப்பட்ட ஆள் பிரைவட்டாக பி.ஏ. ஆங்கிலம் எழுதலாம் என்று துணிந்ததே பெரிய காரியம்.

மாமி அறிமுகமானது அந்த பூத்தில்தான். ஆற்றங்கரை அக்ரஹாரத் தெருவில் அவள் வீடு. தஞ்சாவூரிலிருக்கும் அண்ணாவுடன் பேச ஞாயிற்றுக்கிழமை வருவாள். ஒரு நாள் என் மேஜையில் கிடந்த கைடைப் பார்த்துவிட்டு, “ஐயோ, நீயும் இந்தக் கிணத்துலதான் விழுந்திருக்கியா?” என்றாள். மற்ற எல்லாப் பேப்பரும் அவள் தேறிவிட்டிருந்தாள். ரொமாண்டிக் இலக்கியம் என்ற ஒரே பேப்பர் மட்டும் இரண்டு முறை கையை விரித்துவிட்டது. இந்தத் தடவையும் போனால் பதிவு காலாவதி. தேறிய பேப்பர்களும் அதோடு போகும். அவள் சின்னக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த பள்ளிக்கூடத்தில், டிகிரி காட்டினால் நிரந்தரம் ஆக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். ஜூன் வரை பார்ப்பார்கள், அப்புறம் வேறு ஆள்.

“முப்பத்தெட்டு வயசுல என்னை வேண்டாம்னு சொல்றதுக்கு ஒரு பேப்பர் போறும் பாரு” என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் தம்பானூரில் ஒரு லாட்ஜுக்கு மேல்மாடியில் டியூட்டோரியல் வகுப்பு. இரண்டு பேரும் சேர்ந்தே போக ஆரம்பித்தோம். சார் மாமியைவிடப் பத்து வயதாவது சின்னவர். ஆங்கிலப் பாட்டை வாசிப்பார், மலையாளத்தில் விளக்குவார், நாங்கள் தமிழில் புரிந்துகொண்டு மறுபடி ஆங்கிலத்தில் எழுத வேண்டும். பாட்டு எங்களிடம் வந்து சேரும்போது மூன்று பஸ் மாறி வந்தவள் மாதிரி தலை கலைந்து நிற்கும். கீழே ஸ்டேஷனில் ரயில் வந்தால் சார் நிறுத்திவிடுவார். ரயில் போனபின் கவிஞர் எந்த மலையில் நின்றார் என்பதை அவரும் மறந்திருப்பார்.

முதலில் நான் ஏமாந்துதான் போனேன். ரொமாண்டிக் என்று பெயர் போட்டிருக்கிறதே, காதல் கத்தரிக்காய் ஏதாவது இருக்கும் என்று நம்பி வந்தவள். பார்த்தால் மலை, காற்று, பாழடைந்த கட்டடம், எல்லாவற்றுக்கும் நடுவில் தனியாக ஒரு மனுஷன். சாப்பிட்டானா இல்லையா என்றுகூடத் தெரியாது. மாமிக்கும் அதுதான் உறுத்தல்.

“ஏன்டீ, இவாளுக்கெல்லாம் ஆத்துல மனுஷாளே கிடையாதா? எப்பப் பார்த்தாலும் தனியாக் கிளம்பிப் போயிடறா. ஒருத்தராவது ‘எங்க போறேள்’னு கேக்க மாட்டாளோ?”

இயற்கை என்றால் அவளுக்குத் துணி காயுமா காயாதா என்பதுதான். “இலையுதிர் காலம்” என்று கைடில் போட்டிருந்ததைப் பார்த்து, “நம்மாத்துப் பலா மரம் தினமும் உதிர்க்கறது. நானும் தினமும் பெருக்கறேன். எனக்கு ஒரு பாட்டும் வரல்லை” என்றாள். எனக்கும் அப்படித்தான். எங்களுக்குத் தெரிந்தது ஜூனில் இடவப்பாதி மழையும் ஐப்பசியில் துலாமழையும், நடுவில் வேர்வையும். இவர்கள் சொல்லும் வசந்தம் எந்த மாதத்தில் வந்து எந்த பஸ்ஸில் திரும்பிப் போகிறது என்று எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை.

சரி, புரியாததை என்ன செய்வது? மனப்பாடம் செய்வது. அதில் மாமியை அடிக்க ஆள் இல்லை. தெருவில் பெண்கள் கூடிச் சாயங்காலம் சகஸ்ரநாமம் சொல்வார்கள். மாமிக்குப் புத்தகமே வேண்டாம். கைடில் இருந்த கட்டுரைகளையும் அதே ராகத்தில் ஏற்றிவிட்டாள். காய் நறுக்கும்போது “இயற்கை இக்கவிஞர்களுக்கு ஆசானாகவும் தாயாகவும்” என்கிற ஆங்கில வாக்கியம் ஏற்ற இறக்கத்தோடு வரும். நாத்தனார் அர்த்தம் தெரியாமலே கூடச் சேர்ந்து ஓதுவாள். ஒரு நாள் பக்தியாகக் கன்னத்தில்கூடப் போட்டுக்கொண்டாளாம்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. சுலோகத்தை நடுவிலிருந்து ஆரம்பிக்க முடியாது. பரீட்சையில் கட்டுரையின் பின்பாதியை மட்டும் கேட்டால், மாமி முதல் வரியிலிருந்து உதட்டுக்குள் ஓதி வந்துதான் அந்த இடத்தைப் பிடிக்க வேண்டும். அப்படிப் பிடித்தாலும் நிறுத்தத் தெரியாது. பலசுருதி மாதிரிக் கடைசி வரி வரைக்கும் எழுதித் தீர்த்துவிடுவாள். கூடுதல் தாள் வாங்கி வாங்கி நூல் போட்டுக் கட்டிக் கொடுத்துவிட்டு வந்த இரண்டு தடவையும் தோல்வி.

சார் அவளிடம் ஒரு மாதிரி விடை எழுதி வாங்கிப் படித்தார். நெற்றியைத் தடவிக்கொண்டார்.

“மாமி, இது முழுவன் காணாப்பாடம். இதில் மாமி எவிடெ?” எல்லாம் மனப்பாடம், இதில் மாமி எங்கே என்று கேட்கிறார்.

“நான் எதுக்கு சார் அதுல? பாட்டு அவர் எழுதினது, கேள்வி யூனிவர்சிட்டி கேட்டது. நடுவுல நான் யாரு?”

வகுப்பே சிரித்தது. சாரும் சிரித்தார். பிறகு யோசித்துவிட்டு ஒரு வைத்தியம் சொன்னார். இந்தப் பாட்டெல்லாம் தனியாக இருந்தவர்கள் எழுதியது. தனியாக இருந்து பார்க்காதவருக்கு அது எட்டாது. பொன்முடி மலைக்குப் போங்கள், ஓர் அரைமணி நேரம் யாரும் இல்லாமல் உட்காருங்கள், பிறகு வாசியுங்கள். “ஒந்நு ஃபீல் செய்யணம், கேட்டோ.” கொஞ்சம் உணர்ந்து பார்க்க வேண்டுமாம்.

மாமி இதை வீட்டில் போய்ச் சொன்னாள். அந்தத் தெருவில் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்தான். ஒரு வீட்டில் தாளித்தால் அடுத்த வீட்டில் தும்முவார்கள். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு பெண் ‘நான் தனியாகப் போகிறேன்’ என்றால் எப்படி இருக்கும்?

“தனியாவா? மலைக்கா?” என்றாள் நாத்தனார். “அதெல்லாம் போப்படாது. நானும் வரேன்.”

“அக்கா, தனிமைக்குத்தான் போறேன். நீங்க வந்தா அது எப்படித் தனிமை?”

“நான் ஒரு ஓரமா இருந்துட்டுப் போறேன். உன் தனிமையை நான் என்ன பிடுங்கித் திங்கவா போறேன்?”

நாத்தனார் போனால் அடுத்தாத்து அம்மாள் வருவாள். அவள் வந்தால் அவள் மருமகள். பெண்கள் மட்டும் எப்படி என்று மாமியின் கணவர். மூன்றாம் நாள் அவர் பூத்துக்கு வந்து, வேன்காரருக்கு போன் போடச் சொல்லிவிட்டு, ரொம்பப் பொறுப்பாக என்னைக் கேட்டார்:

“தனிமைக்கு மொத்தம் எத்தனை பேர் வரா? நீயும் உண்டா? சொன்னாத்தானே வண்டி சொல்ல முடியும்.”

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு, “நானும் உண்டு சார்” என்றேன். எனக்கும் அதே பேப்பர்தானே. எனக்கும் தனிமை பார்க்க வேண்டியிருந்தது.

ஞாயிறு விடியற்காலை வேன் நிறைந்துவிட்டது. புளியோதரைத் தூக்கு, தயிர்சாதத் தூக்கு, ஜமக்காளம், வாந்தி வந்தால் எலுமிச்சம்பழம். நேரே மலைக்குப் போவோம் என்றால் பழவங்காடியில் நிறுத்தச் சொன்னார் மாமியின் கணவர். இந்த ஊரில் எந்தக் காரியத்துக்கும் முன்னால் அங்கே பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் அடிக்காமல் யாரும் கிளம்ப மாட்டார்கள். கல்யாணம், வழக்கு, வீட்டுக் கடன் எல்லாவற்றுக்கும் அடித்திருக்கிறார்கள். தனிமைக்கு அடித்தவர்கள் எங்களுக்கு முன்னால் யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

“விக்கினமில்லாம நடக்கணும்” என்று அவர் ஓங்கி எறிந்தார். சுக்குநூறாக உடைந்தது. “நல்ல சகுனம்” என்றாள் நாத்தனார். மாமி தலையில் கை வைத்துக்கொண்டு வேனுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாள்.

மலைமேல் போய்ச் சேர்ந்து ஜமக்காளம் விரித்ததும் அந்தாக்ஷரி ஆரம்பமாயிற்று. மாமி புத்தகத்தை எடுத்துக்கொண்டு, கொஞ்சம் தள்ளி ஒரு பாறைமேல் போய் உட்கார்ந்தாள். ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது. நாத்தனார் எழுந்து போனாள்.

“ஆயிடுத்தா?”

“என்னக்கா?”

“தனிமை.”

“இன்னும் இல்லை.”

பிறகு அடுத்தாத்து மருமகள் ஒரு டம்ளர் காபியோடு போனாள். பிறகு கணவர் சால்வையோடு. ஒவ்வொருவரும் குரலைத் தாழ்த்தி, நோயாளியைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் மாதிரி நுனிக்காலில் நடந்து திரும்பினார்கள். “பாவம், இன்னும் வரல்லையாம்” என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். பாறைமேல் மாமி புத்தகத்தை மூடிவிட்டாள். அவள் முகத்தைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பும் வந்தது, கவலையும் வந்தது. பரீட்சைக்கு மூன்று வாரம்தான் இருந்தது. இதுவும் வீணானால் அவள் மறுபடி ராகத்துக்குத்தான் திரும்ப வேண்டும்.

அப்போதுதான் மஞ்சு என்கிற மூடுபனி இறங்கியது.

பொன்முடி மஞ்சு தெரிந்தவர்களுக்குத் தெரியும். வரப்போகிறேன் என்று சொல்லாது. பேசிக்கொண்டிருக்கும்போதே எதிரில் இருப்பவரின் முகம் போய்விடும். புளியோதரைத் தூக்கைத் தொட்டுப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. முதலில் எல்லாரும் “ஹோ” என்று கத்திச் சந்தோஷப்பட்டார்கள். பிறகு நாத்தனார், “அவ எங்க?” என்றாள்.

கூப்பிட ஆரம்பித்தோம். பதில் இல்லை. மாமியின் கணவர் எழுந்து நின்று அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நான் அவர் வாயிலிருந்து அந்தப் பெயரை அன்றைக்குத்தான் கேட்டேன். வீட்டில் “இந்தா”, “கேட்டயா”தான். மறுபடி கூப்பிட்டார். இந்த முறை குரல் கொஞ்சம் உடைந்தது. அந்தப் பக்கம் பள்ளம். நாத்தனார் பிள்ளையாரைத் துணைக்கழைத்தாள். நான் “மாமி, எங்க இருக்கீங்க? ஒரு சத்தம் குடுங்க” என்று தொண்டை போகக் கத்தினேன். காற்று மட்டும் போயிற்று, வந்தது.

அரைமணி நேரம் போல எனக்குத் தோன்றியது. பத்து நிமிஷம்கூட இருந்திருக்காது. மஞ்சு லேசாக விலகியபோது பார்த்தால், மாமி அதே பாறையில், எங்களுக்கு நாலு பாய் தூரத்தில், சால்வையைத் தலைவழியே போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். எங்கேயும் போகவில்லை.

“கூப்பிட்டது கேக்கலையா?” என்றார் கணவர்.

“கேட்டுது.”

“கேட்டுதா? பின்னே ஏன் பதில் சொல்லல்லை?”

மாமி எழுந்து வந்து எல்லாருக்கும் தயிர்சாதம் பரிமாறினாள். இறங்கும்போது வேனில் யாரும் பாடவில்லை. நாத்தனார் மட்டும் ஒரு வளைவில், “தேங்காய் அடிச்சதோ, பொழைச்சமோ” என்றாள்.

மறுநாள் மாமி பூத்துக்கு வந்தாள். அண்ணாவுக்குப் போன் செய்ய இல்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“நான் வேணும்னேதான் பதில் சொல்லல்லைடீ” என்றாள். “முதல்ல பயமா இருந்தது. என் கையே எனக்குத் தெரியல்லை. அப்புறம் நீங்கள்லாம் கூப்பிட ஆரம்பிச்சேள். அடடா, இவாளுக்கெல்லாம் நான் வேண்டியிருக்குன்னு ஒரு நிறைவு. அதே சமயம், இப்ப நான் வாயைத் திறந்தா அந்த நிமிஷம் முடிஞ்சுபோயிடும்னும் தெரியறது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு இருந்துட்டேன். அவர் குரல் உடைஞ்சுது பாரு, அப்ப சொல்லியிருக்கணும். வாய் வரைக்கும் வந்தது. அதுக்குள்ள மஞ்சு போயிடுத்து.”

ஒரு லோக்கல் கால்காரர் வந்து பேசிவிட்டுப் போனார். அவள் தொடர்ந்தாள்:

“ஆத்துல மனுஷாள் இல்லாதவாளா இவான்னு கேட்டேனே? தப்பு. இருக்கா. கூப்பிட்டுண்டே இருக்கா. அதனாலதான் போறா. இன்னொண்ணும் பாரு. தனியாப் போனேன், தனியாப் போனேன்னு எழுதறாளே, யார்கிட்ட சொல்றா? திரும்பி வந்து யாரோ ஒருத்தரைப் பிடிச்சு வச்சுண்டுதானே சொல்றா? நான் இப்ப உன்னைப் பிடிச்சு வச்சிருக்கேனே, அந்த மாதிரி.”

எனக்குச் சட்டென்று அந்தப் பேப்பரே வேறு மாதிரி தெரிந்தது. அன்று பூத்தை மூடும்வரை இரண்டு பேரும் பாடல்களை ஒவ்வொன்றாக எடுத்து, இதில் யாரிடம் சொல்கிறார், இதில் யாரிடம் சொல்கிறார் என்று தேடினோம். சிலதில் கூடவே நிற்கிற ஆளிடம். சிலதில் காற்றிடம். சிலதில் யாரிடம் என்று பிடிபடவே இல்லை. “இவர் இன்னும் பாறையிலதான் உக்காந்திருக்கார் போல” என்று மாமி ஒதுக்கி வைத்துவிட்டாள். எல்லாம் புரிந்துவிட்டது என்று சொன்னால் பொய். வசந்தம் எங்களுக்கு இன்றுவரை வரவில்லை. கற்பனையைப் பற்றிக் கைடில் இருந்த பத்து பக்கம் கடைசிவரை கல்லாகவே இருந்தது. ஆனால் ஒரு கதவு திறந்திருந்தது. அதன் வழியாக நுழைந்து பார்க்க முடிந்தது.

பரீட்சை ஹாலில் எனக்கு இரண்டு வரிசை முன்னால் மாமி. கேள்வித்தாளைப் பார்த்ததும் என் கண் முதலில் அவள் உதட்டுக்குத்தான் போனது. இயற்கையில் தனித்திருப்பது இந்தக் கவிஞர்களுக்கு ஏன் தேவைப்பட்டது என்று ஒரு பெரிய கேள்வி. உதடு அசையவில்லை. பேனாவைப் பிடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுதினாள், அடித்தாள், எழுதினாள். கூடுதல் தாள் வாங்கவே இல்லை. முடிந்து வெளியே வந்ததும் அவள் கணவர் பையை வாங்கிக்கொண்டே, “நூல் கட்டல்லையா?” என்றார்.

“இல்லை.”

“இவ்வளவுதானா எழுதினே?”

“எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான்.”

அவர் முகம் வாடிவிட்டது. அதற்கப்புறம் இரண்டு மாதமும் அந்த வீட்டில் யாரும் பரீட்சையைப் பற்றிப் பேசவில்லை. நாத்தனார் மட்டும் காய் நறுக்கும்போது பழக்க தோஷத்தில் பழைய கட்டுரையை ராகம் போட்டு ஆரம்பிப்பாள். பாதியில் நாக்கைக் கடித்துக்கொள்வாள்.

முடிவு வந்த அன்று சார் பூத்துக்குத்தான் போன் செய்தார். முதலில் என்னைச் சொன்னார். தேறிவிட்டேன், அதிகம் சொல்லிக்கொள்கிற மார்க் இல்லை. “மாமியோ சார்?” என்றேன். அந்தப் பக்கம் காகிதம் புரட்டுகிற சத்தம். ரயில் வேறு வந்து தொலைத்தது. ரயில் போகட்டும் என்று அவர் வழக்கம்போல நிறுத்திக்கொண்டார். நான் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“மார்க்கு கொறச்சே உள்ளூ” என்றார் ரயில் போனபின். “எந்நாலும் பாஸாணு. மாமியோடு பறயூ, இத்தவண மாமி அதில் உண்டாயிருந்நு.” மார்க் குறைவுதான், ஆனாலும் பாஸ்; பரீட்சை முடிந்ததும் மாமி தான் எழுதியதை அவரிடம் சொல்லியிருந்தாள், இந்தத் தடவை அதில் மாமி இருந்தாள் என்று அவளிடம் சொல்லச் சொன்னார்.

பூத்துக்கு ஷட்டரை இழுத்துவிட்டு ஓடினேன். வாசலிலேயே கத்திச் சொன்னேன். நாத்தனார் சுவர்ப் பக்கம் திரும்பி அடுத்த வீட்டுக்குச் சொன்னாள். அங்கிருந்து தெருமுழுக்கப் போயிற்று. மாமியின் கணவர் உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டார். பழவங்காடிக்குத் தேங்காய் அடிக்கப் போக வேண்டுமாம். மாமி மட்டும் கூடத்தில் இல்லை. பின்கட்டில் போய்ப் பார்த்தேன். கிணற்றடித் துவைக்கல்லில் உட்கார்ந்திருந்தாள். பலா இலைகள் காலடியில் கிடந்தன. பெருக்கவில்லை.

“கேட்டீங்களா மாமி? ஜூன்ல நீங்க பெர்மனென்ட்” என்றேன்.

“கேட்டுதுடீ. நீ வாசல்ல கத்தினதே கேட்டுது.”

உள்ளேயிருந்து “இந்தா, எங்க போயிட்டே? சாமிக்கு விளக்கேத்தணும், வா” என்று கணவர். “ஏய், நல்ல சேதி வந்திருக்கு, அங்க என்ன பண்றே?” என்று நாத்தனார். “ஸ்வீட்டு பண்ணுவேளோ இல்லை வாங்குவேளோ?” என்று சுவருக்கு அந்தப் பக்கம்.

“கூப்பிடறாங்க மாமி” என்றேன்.

அப்போதுதான் அவள் அதைச் சொன்னாள். கூப்பிட்டுண்டு இருக்கட்டும், அவா தொண்டை ஒண்ணும் கட்டிப் போயிடாது என்று. சொல்லிவிட்டு, பொன்முடியில் அவர் குரல் உடைந்தது நினைவுக்கு வந்ததோ என்னவோ, வீட்டைப் பார்த்துத் திரும்பி, “இதோ வந்துட்டேன்!” என்று உரக்கக் குரல் கொடுத்தாள். பிறகு துவைக்கல்லில் கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டு, காலை நீட்டிக்கொண்டாள்.